படித்துப் பார்த்து, படிக்க முடியவில்லை என உறுதி கூறுகிறேன்

கண் தெரியாத மாணவிக்குப் பாடக் குறிப்பைப் பெரிய எழுத்தில் அனுப்பிய முதல் ஆசிரியர் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துக் கை கொடுத்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி மாதம் அது. மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிற மாரீஸ்வரி வகுப்பு முடிந்ததும் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"சார், நீங்க குரூப்ல போட்ட நோட்ஸ படிக்க முடியல."

இந்தக் குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது என்னுடையது இல்லை. எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியருடையது, அவர் கையெழுத்திலேயே இருப்பது. அவர் ஓய்வு பெற்றபோது நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். பதினாலு வருடமாக அதை வைத்துத்தான் பிழைப்பு. கொரோனா வந்த வருடம் அந்த ஜெராக்ஸைப் போனில் படம் பிடித்து, நூற்றுப் பன்னிரண்டு பக்க பி.டி.எஃப். ஆக்கிவிட்டேன். தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு விரலால் அழுத்திப் பிடித்ததில், பக்கத்துக்குப் பக்கம் இடது ஓரத்தில் என் கட்டைவிரல் இருக்கும். பிள்ளைகள் அதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

"எழுத்து சின்னதா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"எழுத்தே இல்ல சார். போன் படம், படம்னு மட்டுந்தான் சொல்லுது."

"சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன், எல்லாம் புரிந்தவன் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்து, பெரிதாக்கி, கலரில் அனுப்பினேன். திங்கட்கிழமை அவள் மறுபடியும் மேசைக்கு வந்தாள்.

"சார், இப்ப எரநூத்து இருவத்துநாலு தடவ படம்னு சொல்லுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் போனில் இருக்கிற மென்பொருள் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும். புகைப்படம் அதற்கு வெறும் சுவர். நான் சுவரைப் பெரிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"அப்ப போன செமஸ்டர் எப்படிம்மா படிச்ச?"

"ஜெபா பஸ்ல வாசிச்சுக் காட்டுவா சார். செட்டியார்பட்டில ஏறுனா காலேஜ் வரைக்கும் வாசிச்சுக்கிட்டே வருவா. போன செமஸ்டர் அவளுக்குக் காமால வந்துருச்சு. ஒன்றர மாசம் வரல."

அந்த செமஸ்டரில்தான் என் தாளில் மாரீஸ்வரி பெயில். மற்ற ஐந்து தாளிலும் எழுபதுக்கு மேல். விடைத்தாள் கொடுத்த அன்று அறுபது பேர் முன்னால் நான் அவளைப் பார்த்து, "ஒனக்குக் கண்ணுதான தெரியாது, காது கேக்கும்ல? கவனிக்கணும்ல?" என்று ஒரு நகைச்சுவை செய்தேன். நகைச்சுவை எனக்கு இயல்பாக வருவது. வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். நல்ல வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு அடுத்த விடைத்தாளை எடுத்தேன்.

"இப்ப என்ன சார் செய்ய? ஏப்ரல் பதினாறு அரியர் பரீச்ச. பி.எட்.டுக்கு எடம் கெடச்சிருக்கு. அரியர் இருந்தா அந்த லெட்டர் செல்லாதுன்னு போட்டிருக்காவ."

"நீயே சொல்லு, என்ன செய்யணும்?"

"டைப் அடிச்சுக் கொடுங்க சார். அம்புட்டுதான்."

அம்புட்டுதான். அன்றைக்கே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அடித்திருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் பதினாலு வருடம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தவனுக்கு எதையும் நேராகச் செய்யக் கை வராது. கேட்டுவிட்டுச் செய்வோமே என்று முதல்வர் அறைக்குப் போனேன்.

எங்கள் கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு ஊரும் எங்களைத் தங்கள் கல்லூரி என்று சொல்லிக்கொள்வதில்லை. நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கே யாரும் ஒரு கேள்விக்கு 'ஆமா' என்றோ 'இல்ல' என்றோ சொல்லிக் கேட்டதில்லை. 'பாப்போம்' உண்டு, 'பரிசீலனையில் இருக்கு' உண்டு. ரொம்ப நெருக்கினால் டீ வரும்.

முதல்வர் சௌந்தரபாண்டியன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பிரேம்குமார், எத்தன பேரு?"

"ஒரு பொண்ணு சார்."

"ஒண்ணுதானா." முகம் வாடிவிட்டது. "ஒரு நாலஞ்சு இருந்தா நல்லா இருந்திருக்கும். சரி, இருக்கிறத வச்சுச் செய்வோம். ஏப்ரல் அஞ்சாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருது. மாற்றுத்திறன் மாணவர்கள் படிக்கத் தக்க வகையில் பாட ஆவணங்கள் உண்டான்னு நாப்பத்தாறாவது கேள்வி. இத்தன வருசமா அந்தக் கட்டத்துல கோடு போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கோம். என் மனசு எம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்கும், சொல்லுங்க."

"பொண்ணுக்குப் பதினாறாம் தேதி பரீட்ச சார். நானே டைப் அடிச்சுக் கொடுத்திரவா?"

"அருமையான கேள்வி" என்றார் முதல்வர். டீ வந்தது.

மறுநாள் 'அனைவர்க்கும் ஆவணம்' என்று ஒரு மையம் பிறந்தது. ஒருங்கிணைப்பாளர் தாவரவியல் துறைத் தலைவர் பரிபூரணம் மேடம். அவர் ஏற்கெனவே மழைநீர் மையம், யோகா மையம், பாம்புக்கடி விழிப்புணர்வு மையம் உள்பட பதினோரு மையங்களுக்கு ஒருங்கிணைப்பாளர். பன்னிரண்டுக்கும் சேர்த்து அறை ஒன்று, கதவு ஒன்று. குழு வரும்போது எந்த மையத்தைப் பார்க்க வேண்டும் என்கிறதோ அந்தப் பலகையைக் கதவில் மாட்டுவார்கள். உறுப்பினராக நான் சேர்க்கப்பட்டேன். மாரீஸ்வரி 'பயனாளி' என்று சேர்க்கப்பட்டாள்.

பயனாளி என்றால் மனு கொடுக்க வேண்டும். அலுவலகக் கண்காணிப்பாளர் ஐயாதுரை அச்சடித்த படிவம் ஒன்றை என் கையில் கொடுத்து, வாசித்துக் காட்டச் சொன்னார். நான் மாரீஸ்வரிக்கு வாசித்தேன்.

"மேற்படி ஆவணத்தை நான் முழுமையாகப் படித்துப் பார்த்து, அதைப் படிக்க முடியவில்லை என உறுதி கூறுகிறேன்."

"படிச்சுப் பாத்தேன்னா பொறவு எதுக்கு சார் மனு?" என்று ஐயாதுரையைக் கேட்டாள் மாரீஸ்வரி.

"அதுக்குத்தாம்மா அடுத்த வார்த்தையிலயே படிக்க முடியலன்னு போட்டிருக்கு" என்றார் ஐயாதுரை, பொறுமையாக. "படிக்காமயே படிக்க முடியலன்னு சொன்னா ஆடிட்டுல ஒத்துக்கிட மாட்டாவ."

அவள் அழகாகக் கையெழுத்துப் போடுவாள். ஆனால் பார்க்காமல் போட்ட கையெழுத்து செல்லுமா என்று ஐயாதுரைக்கு ஒரு சந்தேகம் வந்தது. மை டப்பாவைத் திறந்து அவள் கட்டைவிரலைப் பிடித்து உருட்டினார். பாடத்தில் என் கட்டைவிரல், மனுவில் அவள் கட்டைவிரல். இரண்டையும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டுக் கட்டினார்கள்.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. எல்லா ஆவணங்களும் எல்லோரும் படிக்கத் தக்கனவாக இருக்க வேண்டும் என்று ஏழு விதிகள். அதை அச்சடித்து, முதல்வர் கையெழுத்திட்டு, எழுத்தின் மேலேயே வட்டமாக முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, சாய்ந்த வாக்கில் எல்லோருக்கும் அனுப்பினார்கள். மாரீஸ்வரி அன்று மதியம் வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.

"சார், ஆபீஸ்ல இருந்து என்னமோ ஒரு படம் வந்திருக்கு. யாருக்கும் கல்யாணமா?"

நான் வாசித்துக் காட்டினேன். நாலாவது விதி வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. 'மையத்தின் ஒப்புதல் இன்றி எந்த ஆசிரியரும் தனிப்பட்ட முறையில் மாணவர்க்கு ஆவணம் வழங்கலாகாது.'

"அப்ப நீங்க அடிச்சுத் தர மாட்டீங்களா சார்?"

"பாப்போம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை யாருடையது என்று எனக்கு உறைத்தது.

மார்ச் மாதம் பயிலரங்கம். ஆவணங்களை எல்லோருக்கும் எட்டச் செய்வது எப்படி என்பது தலைப்பு. ஏ.சி. இருப்பது மூன்றாவது மாடியில் என்பதால் அங்கே நடந்தது. லிஃப்ட் கிடையாது. ஆங்கிலத் துறையில் ஊன்றுகோல் வைத்து நடக்கிற ஒருவர் உண்டு. அவர் கீழே மரத்தடியில் நின்றபடி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே நடக்கிறதைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். விளக்கேற்ற மாரீஸ்வரியைத்தான் அழைத்திருந்தார்கள். கூட்டிக்கொண்டு போனது நான்.

"இந்தப் பக்கம் பாரும்மா" என்றார் போட்டோக்காரர்.

"எந்தப் பக்கம் சார்?"

"கேமராவப் பாரும்மா."

பரிபூரணம் மேடம் அவள் தாடையைப் பிடித்து கேமரா இருந்த திசைக்குத் திருப்பினார். நான் அவள் கையைப் பிடித்துத் திரியில் வைத்தேன். மறுநாள் படத்தில் நாங்கள் இருவரும் அவளைச் சாமி சிலை மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறோம். விளக்கேற்றி முடிந்ததும் இடம் போதவில்லை என்று அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். பயிலரங்கம் மாணவர்களுக்கு இல்லையாம். சிறப்பு விருந்தினர் மதியம் வரை திரையைக் காட்டி "இதோ, இங்க நீங்களே பாக்கலாம்" என்று விளக்கினார். நன்றியுரை நான். மாரீஸ்வரிக்கும் நன்றி சொன்னேன். அவள் அப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

பயிலரங்க முடிவில் என் குறிப்புகளைத் தட்டச்சு செய்யத் தீர்மானம் நிறைவேறியது. எனக்குச் சந்தோஷம்தான். வேலையைக் கல்லூரியின் வழக்கமான டி.டி.பி.க்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர் பேச்சிமுத்துவிடம் கொடுத்தார்கள். பத்தே நாளில் முதல் அலகை அடித்துக் கொடுத்துவிட்டார். அச்சில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அந்தக் கோப்பை மாரீஸ்வரிக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். போன் படிக்க ஆரம்பித்தது.

"ஜி, ஹெச், இஸட், செமிகோலன், பி, ஏ, யூ, செமிகோலன்."

"இது என்ன சார்?" என்றாள்.

திரையை எட்டிப் பார்த்தேன். பாண்டியர் என்று இருக்க வேண்டிய இடம். பழைய எழுத்துரு அது. ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ்ச் சட்டை போட்டு நிற்பது. கண்ணுக்குச் சட்டை தெரியும். போனுக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும்.

பேச்சிமுத்துவின் கடைக்கு ஓடினேன். அவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்.

"சாரே, இருவத்தஞ்சு வருசமா இந்த எழுத்துலதான் அடிக்கேன். கல்யாணப் பத்திரிக, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி அம்புட்டும். இன்னிக்கு வரைக்கும் ஒரு மாப்பிள்ள வந்து படிக்க முடியலன்னு சொன்னதில்ல."

"கண்ணீர் அஞ்சலி?"

"அவிய எங்க வந்து சொல்ல."

மாரீஸ்வரிக்கு விஷயம் என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. "இந்த எழுத்து வேண்டாம் சார். நீங்க வாட்ஸப்புல 'நாளைக்கு கிளாஸ் உண்டு'ன்னு போடுவீங்கள்ல, அந்த எழுத்து. அது நல்லாப் படிக்குது." இதையே நான் பரிபூரணம் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"எழுத்துருங்கிறது டெக்னிக்கல் விஷயம் பிரேம். அதுக்கு ஒரு துணைக்குழு போட்டுத்தான் முடிவெடுக்கணும். குழு வந்துட்டுப் போகட்டும்."

"அஞ்சாம் தேதி குழு, பதினாறாம் தேதி பரீட்ச மேடம். அதுவரைக்கும் நானே போன்ல அடிச்சு அனுப்பிரவா?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார் மேடம். "நாலாவது விதி உங்களுக்காகப் போட்டதில்ல. ஆனா உங்களுக்கும் சேத்துத்தான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க பதவி உயர்வு ஃபைல் மேல போயிருக்குல்ல?" என்று விசாரித்தார். அக்கறையாகத்தான் விசாரித்தார்.

நான் உணர்ச்சிவசப்படுவதை நிறுத்திக்கொண்டேன். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது. பன்னிரண்டு நாள் நான் எதுவும் அடிக்கவில்லை. காலையில் குரூப்பில் பூப்போட்ட காலை வணக்கம் மட்டும் போட்டேன். அதுவும் படம்தான் என்பது பிற்பாடு உறைத்தது.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மையத்துக்குப் பெயர்ப் பலகை வந்து இறங்கியது. ராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் அடித்தது. மேலே தமிழ், கீழே பிரெய்ல். முதல்வர் வாசலில் நின்று தானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். மாரீஸ்வரியை வரவழைத்து அவள் கையை எடுத்துப் பலகையில் வைத்தார்கள்.

அவள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு முறை தடவினாள். திரும்பவும் ஒரு முறை.

"வழவழன்னு இருக்கு சார்."

"நல்ல குவாலிட்டி ஃப்ளெக்ஸ்ம்மா" என்றார் முதல்வர்.

"புள்ளி இல்ல சார்."

"இருக்கேம்மா, கறுப்புக் கறுப்பா எம்புட்டு இருக்கு பாரு" என்றார் ஐயாதுரை. பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆபீஸில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி உள்ளே போனார். அந்த இரண்டு மாதத்தில் வெட்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

ஐந்தாம் தேதி குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வயதானவர், சாந்தமானவர், பால்கோவா எந்தக் கடையில் வாங்கியது என்பதை மட்டும் அழுத்தமாகக் கேட்டார். கதவில் மற்றப் பலகைகளைக் கழற்றிவிட்டு எங்கள் பலகையை மாட்டியிருந்தோம். உள்ளே மாரீஸ்வரியை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தார்கள். அவள் எதிரே மேசையில் போன்.

"பார்வையற்ற மாணவிக்கு எங்கள் ஆவணம் எப்படி எட்டுகிறது என்று செயல்விளக்கம்" என்றார் முதல்வர்.

பரிபூரணம் மேடம் போனைத் தட்டினார். பேச்சிமுத்துவின் கோப்பு.

"ஜி, ஹெச், இஸட், செமிகோலன், பி, ஏ, யூ, செமிகோலன்" என்று போன் நிதானமாக ஒப்பித்துக்கொண்டே போனது. குழுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார்.

"இது என்ன மொழி?"

"பார்வையற்றோருக்கான சர்வதேச முறை சார்" என்றார் முதல்வர், துளிக்கூடத் தயங்காமல். "நாம கேட்டா வெறும் எழுத்து. அவங்க கேட்டா அப்படியே பாண்டியர் வரலாறு. நம்மளவிட அவங்க ஒரு படி மேல சார்."

தலைவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் "வெரி சயின்டிஃபிக்" என்றார். பிறகு தலைவர் குனிந்து, நல்ல மனசோடுதான், மாரீஸ்வரியிடம் கேட்டார்.

"உனக்கு இது உபயோகமா இருக்காம்மா?"

முதல்வர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"பிரேம்குமார் சார் இங்கதான இருக்காவ? அவிய நோட்ஸ்தான் இது. அவியளையே கேளுங்க சார்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. மேசையைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்து, காதை மட்டும் என் பக்கம் கொடுத்திருந்தாள். கேள்வி ரொம்ப எளிமையானது. ஆமா, இல்ல என்று இரண்டே பதில்தான். அதில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். என் பதவி உயர்வுக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"முயற்சி நல்லபடியா நடந்துக்கிட்டு இருக்கு சார்" என்றேன்.

முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தகப்பனின் பெருமிதம் இருந்தது. பதினாலு வருடத்தில் நான் எங்கள் கல்லூரிக்காரன் ஆனது அன்றுதான்.

மாரீஸ்வரி போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டாள். எழுந்து, கோலைத் தட்டிக்கொண்டு, யாரும் கூட்டிப்போக வராமலேயே கதவைக் கண்டுபிடித்து வெளியே போனாள். "ரொம்பத் தன்னம்பிக்கை" என்றார் குழுத் தலைவர். அதையும் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் தெருவில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். போனை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்து, அழித்தேன். அதைப் படித்து அவள் என்ன செய்வாள்? ஜெராக்ஸ் நோட்டைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் பத்தியை வாட்ஸப்பில் அடித்து அவளுக்கு அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. மூன்றே வார்த்தை.

"சார், காது கேக்குது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாளா, அந்த விடைத்தாள் நாளை நினைத்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அடுத்த பத்தியை அடித்தேன்.

பத்து நாள் அடித்தேன். கல்லூரி ஓய்வறையில், பஸ்ஸில், கோயில் தெப்பக்குளத்துப் படியில். இத்தனை வருடம் பக்க ஓரத்தில் சும்மா நின்ற கட்டைவிரல் முதன்முறையாகப் பாடத்துக்கு உழைத்தது. நாலாம் நாள் வீங்கிவிட்டது. மனைவி மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, சமையலறையில் இருந்தபடி நான் வாசிக்க வாசிக்க மூன்றாம் அலகில் பாதியை அவளே அடித்தாள்.

அடிக்கும்போதுதான் தெரிந்தது, என் ஜெராக்ஸில் பதினேழாம் பக்கம் இல்லை. பதினாறின் கடைசி வரியில் ஒரு பாண்டியன் போருக்குக் கிளம்புகிறான், பதினெட்டின் முதல் வரியில் வேறு ஒரு பாண்டியனுக்கு முடிசூட்டு விழா நடக்கிறது. நடுவில் என்ன ஆயிற்று என்று பதினாலு வருடம் நான் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. மாரீஸ்வரி உடனே கேட்டாள். "சார், மொதல்ல போனவரு என்ன ஆனாரு?" நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து எழுதினேன்.

பிறகு துறைமுகங்களின் வரைபடம் வந்தது. படத்தை எப்படி அடிப்பது என்று அரை நாள் யோசித்தேன். கடைசியில், 'ஒரு மாங்காயை எடுத்து நுனி உன்னைப் பார்க்கும்படி மேசையில் வை. நுனிதான் குமரி. வலது பக்கம் முழுவதும் கிழக்குக் கடல். நுனியிலிருந்து வலது ஓரமாக இரண்டு விரல் அளவு மேலே ஏறு. அங்கே கொற்கை' என்று எழுதினேன். மதியம் பதில் வந்தது.

"மாங்காயத் தின்னாச்சு சார். கொற்க ஞாபகத்துல இருக்கு."

இதற்கிடையில் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. நாற்பத்தாறாவது கேள்விக்கு முழு மதிப்பெண். முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "ஒரு மாணவிக்காக ஒரு கல்லூரியே உழைத்தது" என்றார். எழுத்துருத் துணைக்குழுவுக்கு என்னை அமைப்பாளராக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மேசைக்கு அடியில் நாலாம் அலகின் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, நான் அடிப்பது இதுதான், நாலாவது விதியை மீறி அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வீங்கிய விரலை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டேன். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் தேதி பரீட்சை முடிகிற நேரத்துக்குப் போய் வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிய முதலாம் ஆண்டுப் பெண் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"பிரேம்குமார் சாரா?"

"ஆமாம்மா. எப்படி எழுதுன?"

"அஞ்சு கேள்வியும் எழுதியாச்சு சார். எழுதுன பிள்ளைக்குத்தான் கை வலி. செத்த நேரம் மெதுவாச் சொல்லுங்கக்கான்னு கெஞ்சுது." சிரித்தாள். "கொற்க வந்துச்சு சார். அஞ்சு மார்க்கு."

நான் அதோடு போயிருக்கலாம். சந்தோஷமாகவே போயிருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த ஒன்று பாக்கி இருந்தது.

"மாரீஸ்வரி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க சார்."

"போன செமஸ்டர்ல நீ பெயிலானது என்னாலயா?"

கேட்டுவிட்டு, அவளுக்காக நானே சில பதில்களையும் மனதுக்குள் எடுத்து வைத்தேன். ஜெபாவுக்கு வந்த காமாலை. அந்த வருடக் கேள்வித்தாள் கஷ்டம். அதெல்லாம் இல்ல சார், நீங்க எம்புட்டுச் செஞ்சிருக்கீங்க. இதில் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன். பாப்போம் என்றால்கூடச் சரிதான்.

ராஜபாளையம் பஸ் வருகிற சத்தம் எனக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிட்டது. பையைத் தோளில் ஏற்றி, கோலை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். முகத்தை மட்டும் நான் நின்ற பக்கம் சரியாகத் திருப்பினாள்.

"ஆமா சார்" என்றாள்.